மன இறுக்கமும் தன்மதிப்பும்: உளவியல், உயிரியல் ஆய்வுகள் கூறுவன

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 115ஆம் பிரிவு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தற்கொலைக்கு முயன்ற ஒருவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடுமையான மன இறுக்கத்துக்கு உட்பட்டிருந்தவராகவே கருதப்பட வேண்டும்; அம்முயற்சிக்காக அவர்மீது வழக்கு நடத்தவோ தண்டனை விதிக்கவோ கூடாது என்று அது கூறுகிறது. அத்தகையவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் விதிக்கிறது. இதே செயலை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 309ஆம் பிரிவில் குற்றமாக வகைப்படுத்தி, ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழி செய்திருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியர் தம் கடமையைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்தும் நோக்கத்துடன் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக வைக்கப்பட்டுள்ளது.

ஆக, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குற்றமாக இருந்த ஒன்று, மன இறுக்கத்தின் விளைவு என்று சட்டத்தாலேயே ஏற்கப்பட்டுவிட்டது. அவ்வாறாயின் மன இறுக்கம் என்பது யாது? அது எங்கிருந்து வருகிறது? யாரை அதிகம் தாக்குகிறது? சட்டத்தைச் செயற்படுத்துவோரும் இத்துறையைப் பயில்வோரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. 'ஸ்டிரெஸ்' என்பதற்கு 'மன அழுத்தம்' என்ற சொல்லும் தமிழில் வழங்குகிறது. ஆயினும் மனச்சோர்வு நோயையும் சிலர் அச்சொல்லாலேயே குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. எனவே இங்கு 'மன இறுக்கம்' என்பதே ஆளப்படுகிறது. உடலும் உள்ளமும் தம்மேல் விழும் சுமைக்கு ஈடுகொடுக்க முயலும் நிலை அது. இன்னும் வராத, வருமா என்று உறுதியாகத் தெரியாத தீங்கை எதிர்நோக்கித் தவிப்பது பதற்றம். தன்னைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் மதிப்பீடு தன்மதிப்பு. இம்மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை; ஆயினும் ஒன்றல்ல.

பூனையும் எலியும் காட்டிய உண்மை

எக்ஸ்-கதிர்கள் 1895இல் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், அக்கதிர்களின் துணைகொண்டு உணவு உண்ட பூனையின் இரைப்பை அசைவுகளை ஆராய்ந்தார். பூனை கலவரமடைந்த போதெல்லாம் இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது; அமைதி திரும்பியதும் மீண்டும் தொடங்கியது. அச்சம் என்பது உள்ளத்தோடு நின்றுவிடும் ஒன்றன்று, குடல் வரை எட்டுவது என்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று. ஆபத்தைக் கண்ட உயிர் போரிடவோ ஓடவோ உடலை ஆயத்தம் செய்துகொள்கிறது என்ற கருத்தைக் கேனன் பின்னர் விரித்துரைத்தார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, செரிமானம் போன்ற, அவசரமல்லாத பணிகள் ஒத்திவைக்கப்படுகின்றன.

1936இல் மான்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே அடுத்த படியை எடுத்து வைத்தார். புதியதொரு ஹார்மோனைக் கண்டறியும் ஆவலில் அவர் எலிகளுக்குச் சூலகச் சாறுகளை ஊசி மூலம் செலுத்தினார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண்கள் தோன்றின. புதிய ஹார்மோன் கிட்டிவிட்டது என்றே அவர் எண்ணினார். ஆனால் வேறு நச்சுப் பொருள்களைச் செலுத்திய போதும், கடுங்குளிரில் வைத்த போதும், அளவுக்கு மீறி இயங்கச் செய்த போதும் அதே மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. தேடியது கிட்டவில்லை, தேடாதது கிட்டியது. எத்தகைய தீங்கு நேர்ந்தாலும் உடல் ஒரே வகையான பொது எதிர்வினையைக் காட்டுகிறது என்றும், அது எச்சரிக்கை, எதிர்த்து நிற்றல், களைத்து வீழ்தல் என மூன்று கட்டங்களைக் கொண்டது என்றும் அவர் வகுத்தார். (பிற்காலத்தில் செல்யேயின் ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்களின் பணம் கிடைத்து வந்த செய்தி, அந்நிறுவனங்களின் ஆவணங்கள் வாயிலாக வெளிப்பட்டது. நோய்க்குக் காரணம் புகையன்று, மன இறுக்கமே என்று கூறுவது அவற்றுக்கு வசதியாக இருந்தது. ஓர் அறிவியல் கருத்து எவர் கையில் எதற்குப் பயன்படும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.)

இந்த எதிர்வினை நிகழும் வழி இன்று பெரும்பாலும் தெளிவாகியுள்ளது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் ஒரு தூண்டு ஹார்மோனைச் சுரக்கிறது. 41 அமினோ அமிலங்களால் ஆன இப்பொருளின் அமைப்பை 1981இல் வைலி வேல் குழுவினர் கண்டறிந்தனர். அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளின் புறணியைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. அட்ரினலின் நொடிகளில் வேலை செய்யும். கார்ட்டிசால் உச்சத்தை அடைய இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். அது இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. நோய் எதிர்ப்புச் செயல்களை மட்டுப்படுத்துகிறது. சிறிது நேரத்துக்கு இது நன்மையே. தேர்வுக்கு முன் ஓரளவு பரபரப்பு மாணவனைக் கூர்மையாக்குவதும் இவ்வகைப்பட்டதே. ஆனால் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் இந்த ஏற்பாடு ஓயாமல் இயங்கினால் இரத்த அழுத்தமும் உறக்கமும் நினைவாற்றலும் கெடுகின்றன. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்த ஹார்மோன் வகை சென்று படிவதை எலிகளில் 1968இல் காட்டிய புரூஸ் மெக்யூவென், உடல் இவ்வாறு சிறுகச் சிறுகத் தேய்வதையே பிற்காலத்தில் தம் கோட்பாட்டின் மையமாக்கினார்.

சுமையா, சுமையின் தன்மையா?

செல்யே வகுத்த சித்திரத்தில் ஒரு குறை இருந்தது. எல்லாத் தீங்கும் ஒன்றே என்றால், ஒரே துன்பத்துக்கு உட்பட்ட இருவரில் ஒருவர் மட்டும் நோயுறுவது ஏன்? ஜான் மேசன் 1960களில் குரங்குகளைப் பட்டினியிட்டுப் பார்த்தார். பிற குரங்குகள் உண்பதைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடந்தவற்றுக்கு அட்ரினல் ஹார்மோன் உயர்ந்தது. சத்தே இல்லாத, ஆனால் வயிற்றை நிரப்பும் உருண்டைகளைத் தின்னக் கொடுத்தபோது, பட்டினி தொடர்ந்தும் அந்த உயர்வு காணப்படவில்லை. உடலைத் தூண்டியது உணவின்மை அன்று. உணவு மறுக்கப்பட்டது என்னும் உணர்வே என அவர் முடிவு செய்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜே வைஸ் நடத்திய சோதனைகள் இத்துறையில் திருப்புமுனை எனலாம். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவில், ஒரே நேரத்தில் மின் அதிர்ச்சி தரப்பட்டது. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன் ஓர் ஒலி எழுப்பப்பட்டது. முன்னறிவிப்புப் பெற்ற எலிக்குப் புண்கள் குறைவு. பெறாத எலிக்கு மிகுதி. எப்போது வரும் என்று தெரியாததால் எப்போதும் அஞ்ச வேண்டியதாயிற்று. பதற்றம் என்பதன் இலக்கணமே இதில் அடங்கியுள்ளது. மற்றொரு சோதனையில் ஒரு சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியைத் தவிர்க்கும் வாய்ப்பு ஓர் எலிக்கு அளிக்கப்பட்டது. அதனோடு இணைக்கப்பட்ட இரண்டாம் எலிக்கு அதே அதிர்ச்சிகள் உண்டு. ஆனால் அதன் கையில் எதுவும் இல்லை. செயலற்றிருந்த எலியே அதிகம் நோயுற்றது.

இவ்விடத்தில் பழைய கருத்தொன்றையும் நினைவுகூர வேண்டும். ஜோசப் பிரேடி 1958இல் வெளியிட்ட 'நிர்வாகிக் குரங்கு' ஆய்வு, முடிவெடுக்கும் பொறுப்புள்ள குரங்குக்கே குடற்புண் வருகிறது என்று கூறியது. பெரும்பதவியில் இருப்போருக்கு இது மிகவும் உவப்பான செய்தி. ஆகவே விரைவாகப் பரவியது. ஆனால் அந்த ஆய்வில் நிர்வாகிக் குரங்குகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இயல்பிலேயே அதிகப் பரபரப்புடன் நெம்புகோலை அழுத்தியவையே அப்பணிக்கு அமர்த்தப்பட்டிருந்தன. வைஸின் முடிவு அதற்கு நேர்மாறானது. இருப்பினும் வைஸ் வேறொன்றும் கண்டார். சக்கரத்தைத் திருப்பும் செயலுக்கே அதிர்ச்சி கிடைக்குமாறு அமைத்தபோது, பொறுப்புள்ள எலி மற்றதைவிடக் கடுமையாக நோயுற்றது. பொறுப்பு மட்டும் இருந்து, செய்த வேலை பயன் தருகிறது என்னும் தெளிவு இல்லாவிடில் அப்பொறுப்பு பாதுகாப்பாகாது.

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் 1967இல் நாய்களிடம் கண்ட 'கற்றுக்கொண்ட இயலாமை' இதனோடு ஒத்தது. தவிர்க்கவே இயலாத அதிர்ச்சிகளுக்கு உள்ளான நாய், பின்னர் தப்பிக்க வழியிருந்தும் முயலவில்லை. அரைநூற்றாண்டுக்குப் பின் 2016இல் அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டனர். நீடித்த துன்பத்தின்போது செயலற்றுப் போவது கற்றுக்கொள்ளப்படுவதன்று; அது மூளையின் இயல்பான எதிர்வினை. 'என்னால் மாற்ற முடியும்' என்பதே அனுபவத்தால் கற்கப்படுவது. முன்மூளையின் ஒரு பகுதி அதனைக் கற்று, இயலாமையை அடக்குகிறது. ஏழையின் சோம்பல் என்று அலுவலகங்களில் எளிதாகப் பேசப்படுவதை இந்தத் திருத்தத்தின் வெளிச்சத்தில் மீண்டும் பார்ப்பது நலம்.

அலுவலகமே ஆய்வுக்கூடம்

மனிதரிடம் இவ்வுண்மையைத் தேடியவர்களுக்கு லண்டன் நகரின் அரசு அலுவலகங்கள் ஆய்வுக்களமாயின. 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில் 40 முதல் 64 வயது வரையிலான பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்கள் சேர்க்கப்பட்டனர். இவர்கள் அனைவருக்கும் நிலையான வேலை உண்டு; மருத்துவ வசதி உண்டு; எவரும் பட்டினி கிடப்பவரல்லர். எனினும் ஏழரை ஆண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோது, கடைநிலை ஊழியரிடையே இதயத் தமனி நோயால் நேர்ந்த இறப்பு, உயர் நிர்வாகிகளிடையே நேர்ந்ததைப்போல் 3.6 மடங்காக இருந்தது. இன்னும் வியப்புக்குரியது யாதெனில், இது மேல், கீழ் என்னும் இரு பிரிவுகளுக்கிடையே மட்டும் நிலவிய வேறுபாடன்று. பதவிப் படியில் ஒவ்வொரு படி இறங்கவும் இறப்பு கூடியது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது.

மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, பெண்களையும் உள்ளடக்கிய 10,308 ஊழியர்களைத் தொடர்ந்தது. தம் வேலையை எப்போது, எவ்வாறு செய்வது என்பதில் ஊழியருக்கு எவ்வளவு உரிமை உள்ளது என்று இதில் கேட்கப்பட்டது. ஊழியர் சொன்னதை மட்டும் நம்பாமல், மேலாளர்களின் தனி மதிப்பீடும் பெறப்பட்டது. மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை கேட்டபோதும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் தோன்றும் வாய்ப்பு, இருமுறையும் உரிமை மிகுந்திருந்தவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று 1997இல் தெரிவிக்கப்பட்டது.

இம்முடிவை மிகைப்படுத்தலும் ஆகாது. ஐரோப்பிய நாடுகளின் 13 ஆய்வுகளைச் சேர்ந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2012இல் கணித்தபோது, வேலைச் சுமை மிகுந்து உரிமை குறைந்த பணிகளில் இருப்போருக்கு இதயநோய் ஆபத்து 23 விழுக்காடு மட்டுமே கூடுதலாகக் காணப்பட்டது. புகைபிடித்தலால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறிது. சிறிதாயினும் உண்மை.

தன்மதிப்பும் கார்ட்டிசாலும்

தன்மதிப்பு என்பது ஒருவர் அடைந்த வெற்றியை அவருடைய விழைவால் வகுக்கக் கிடைக்கும் ஈவு என்று 1890இல் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். இதனை அளக்கும் கருவியை, பத்தே கூற்றுகளைக் கொண்ட வினாநிரலாக, 1965இல் மோரிஸ் ரோசன்பர்க் அமைத்தார். நியூயார்க் மாநிலத்தின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடம் பெற்ற விடைகளிலிருந்து, தன்மதிப்புக் குறைந்தோரிடம் பதற்றத்தின் உடற்குறிகள் மிகுந்திருப்பதை அவர் கண்டார்.

இத்தொடர்பை உடலுக்குள்ளேயே அளந்தவர்கள் ஜெர்மனியின் டிரையர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1993இல் அவர்கள் வெளியிட்ட சோதனைமுறை எளிமையானது. ஒருவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்களின் முன் ஐந்து நிமிடம் தம்மைப் பற்றிப் பேச வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் 1022 என்ற எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிழை நேர்ந்தால் 1022க்கே திரும்ப வேண்டும். அடி இல்லை, மின் அதிர்ச்சி இல்லை; எனினும் கார்ட்டிசால் இருமடங்கு முதல் நான்கு மடங்கு வரை உயர்ந்தது.

1995இல் வெளியான ஆய்வு ஒன்றில் இருபது ஆண்கள் ஐந்து நாள் தொடர்ந்து இச்சோதனைக்கு உட்பட்டனர். பதின்மூவருக்கு இரண்டாம் நாளிலேயே உடல் பழகிவிட்டது. எஞ்சிய எழுவருக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாளைப் போலவே கார்ட்டிசால் உயர்ந்தது. இவ்வெழுவரும் தன்மதிப்பில் குறைந்தவர்கள். 1999இல் வந்த மற்றோர் ஆய்வு, தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கும் தோல்வி நேரும்போதுதான் இந்த உயர்வு தோன்றுகிறது என்று காட்டியது. 2004இல் டிக்கர்சன், கெமெனி ஆகியோர் 208 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து கண்டதும் இதுவே. சத்தமோ கடினமான கணக்கோ மட்டும் கார்ட்டிசாலைப் பெரிதும் உயர்த்துவதில்லை. பிறரால் எடைபோடப்படுகிறோம் என்ற நிலையும், எதையும் மாற்ற இயலாது என்ற நிலையும் ஒருங்கே சேரும்போதுதான் அது மிகவும் உயர்ந்து, தணிய அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது.

அவ்வாறாயின் தன்மதிப்பை நேரடியாக உயர்த்திவிட்டால் போதாதா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அவ்வாறே எண்ணிற்று. சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலாஸின் முயற்சியால் 1986இல் அங்கு தன்மதிப்பு வளர்ச்சிக்கென அரசுக் குழு அமைக்கப்பட்டது. குற்றம், போதை, படிப்பில் பின்தங்கல் அனைத்துக்கும் தன்மதிப்பே தடுப்பூசி என்று கருதப்பட்டது. ஆனால் அக்குழுவுக்காக அறிஞர்கள் தயாரித்து 1989இல் வெளிவந்த தொகுப்பே, அத்தொடர்புகள் எதிர்பார்த்ததைவிட மிக வலுவற்றவை என்பதை ஒப்புக்கொண்டது. 2003இல் ராய் பாமைஸ்டர் குழுவினர் செய்த விரிவான மறுஆய்வும், நல்ல தன்மதிப்பு பெரும்பாலும் நல்ல தேர்ச்சியின் காரணமன்று, விளைவே என்று கூறியது. பள்ளிகளில் பாராட்டுச் சொற்பொழிவுகள் பெருகின, பயன் பெருகவில்லை.

இந்தியச் சூழலில்

இந்த இடத்தில் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு மிகுந்த பொருளுடையதாகிறது. உயர்சாதியினர் எனப்படுவோரில் 321 சிறுவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேருக்கும் தாளில் அச்சிட்ட வழிப்புதிர்கள் தரப்பட்டன. தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய் பரிசு. எவர் சாதியும் சொல்லப்படாதபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே திறனைக் காட்டினர். தந்தை, பாட்டனார் பெயர்களோடு சாதியும் எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்டபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. சிறுவர்களின் கார்ட்டிசால் இங்கு அளக்கப்படவில்லை. ஆகவே உடலுக்குள் நிகழ்ந்தது என்ன என்று இதைக்கொண்டு கூற இயலாது. ஆனால் மதிப்பிடும் கண்கள் சூழ, மாற்ற இயலாத ஒன்று அறிவிக்கப்பட்டது. டிரையர் சோதனையின் இரு கூறுகளும் அந்த வகுப்பறையில் இருந்தன.

தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. வெட்டுக்கு முன்பு 78 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின்பு 4 விழுக்காட்டினரே. அதே விவசாயி, அதே அறிவுத்திறன் சோதனையில், பணம் வந்த பின் சுமார் கால் பங்கு கூடுதலாக விடையளித்தார். வெட்டுக்கு முன் மன இறுக்கமும் கூடியிருந்தது. எனினும் திறன் குறைவு முழுவதையும் அதனால் விளக்க முடியவில்லை, பணக்கவலை சிந்தனையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே காரணம் என்று ஆய்வாளர் கருதினர். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சில நாள் தட்டுப்பாடும், மாதக்கணக்கில் நகை அடகுக்கடையில் இருப்பதும் ஒன்றாகா எனலாம்; எனினும் அது இன்னும் ஆய்வுக்குரியது.

இவற்றிலிருந்து நிர்வாகத்துக்குப் புலனாகும் சில செய்திகள் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) முப்பது நாள் வரம்பை விதித்தது. மத்தியப் பிரதேசம் 2010இலும் பீகார் 2011இலும் பொதுச் சேவைகளை உரிய காலத்துக்குள் பெறும் உரிமையைச் சட்டமாக்கின. மன இறுக்கத்தைக் குறைப்பது இச்சட்டங்களின் நோக்கமன்று. ஆனால் மனு என்னவாயிற்று, எப்போது முடியும் என்று அறியாமல் பலமுறை வந்து திரும்புபவரின் நிலை, முன்னறிவிப்பு ஒலி இல்லாத எலியின் நிலையே. மனு பெற்றதற்கான சீட்டில் ஒரு தேதி குறிக்கப்படுமாயின் அந்நிலை மாறுகிறது. உதவித்தொகை பெறும் மாணவரின் சாதியை வகுப்பில் உரக்கப் படிப்பது, கடன் நிலுவையாளர் பெயரைப் பலர் முன் அறிவிப்பது போன்ற வழக்கங்களுக்கு உடல் தரும் விலை என்ன என்பதும் மேற்கண்ட ஆய்வுகளால் ஓரளவு ஊகிக்கத்தக்கதே.

நோயாக முற்றிய பதற்றம் வேறு வகைப்பட்டது. அதற்கு மருத்துவம் வேண்டும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டு ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. அந்நிறுவனம் 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து நடத்திய முயற்சியே, 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் விரியத் தொடங்கியது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' தொலைபேசி ஆலோசனைச் சேவையும் செயல்பட்டு வருகிறது. கிராம நிர்வாக அலுவலகம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம், கரும்பு ஆலையின் எடைமேடை ஆகிய இடங்களில் இவ்வெண் எழுதி வைக்கப்படுமானால், அதனைத் தேவைப்படுவோர் எவரிடமும் கேட்காமலே குறித்துக்கொள்ள முடியும்.